மறு: செர்ரி-பிக்குக்குக் கலைச்சொல்: ‘கொய்தல்’ சரியா?

> ‘கொய்தல்’ என்றே வைத்துவிடலாம். பூக்கொய்தல் எல்லாருக்கும் தெரிந்த சொல்.

அழகான சொல், ஆனால் செயலைத் தவறாகக் காட்டுகிறது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியில், ஒரு கிளையில் பதிந்த ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்து இன்னொரு கிளையில் இடுவதே செர்ரி-பிக். கொய்த பூ செடியில் இருக்காது. கிட்டில் செர்ரி-பிக் செய்தபின்னும் மூலக் கமிட் (பதிந்த மாற்றம்) பழைய கிளையிலேயே இருக்கும். இலக்குக் கிளையில் உருவாவது அதே மாற்றத்தைச் சுமக்கும் வேறொரு கமிட். பெற்றோர் கமிட்டும் (அதற்கு முந்தைய கமிட்) பதிவு நேரமும் வேறு என்பதால் கமிட்டின் அடையாளக் குறியான ஹாஷும் வேறு.

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். வழுத்திருத்தத்தை வெளியீட்டுக் கிளைக்குக் கொண்டுபோனபின் ஒரு கமிட் எந்தெந்தக் கிளைகளில் உள்ளது என்று பட்டியலிடும் ‘கிட் பிராஞ்ச் --கன்டெயின்ஸ்’ கட்டளையில் பழைய ஹாஷைக் கொடுத்தால் அந்தக் கிளை பட்டியலில் வராது. திருத்தம் போய்ச் சேரவில்லை என்று மறுபடி எடுப்பார்கள். இதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஒரு கிளையில் மட்டும் அத்திருத்தத்தை ரிவர்ட் செய்துவிட்டுப் (நீக்கிவிட்டுப்) பிறகு இரு கிளைகளையும் இணைத்தால், நீக்கியது எச்சரிக்கையே இல்லாமல் திரும்பி வரும். சேர்த்ததும் நீக்கியதும் சமன்பட்ட பக்கம், பொது மூதாதையோடு ஒப்பிட ‘மாற்றமில்லை’ என்றாகிவிடும். மறுபக்கத்துத் திருத்தமே நிற்கும்.

ஆகவே என் பரிந்துரை ‘படியெடுத்தல்’. ஏட்டுச்சுவடியைப் படியெடுத்தால் மூலம் அப்படியே இருக்கும், படி தனிச்சுவடி, அதில் பாடபேதமும் நுழையும். இலக்குக் கிளையின் வரிகளோடு மோதும் முரணைத் தீர்த்துப் பதிந்த கமிட்டும் அப்படித்தான். மாற்றத்தின் உள்ளடக்கம் வேறுபட்டால், அதிலிருந்து கணக்கிடப்படும் பேட்ச்-ஐடியும் மாறும். பேட்ச்-ஐடியை ஒப்பிடும் ‘கிட் செர்ரி’ கட்டளையால் மூலமும் படியும் ஒன்றென்று கண்டுகொள்ள முடியாது. அதனால் செர்ரி-பிக் கட்டளையோடு ‘-எக்ஸ்’ (-x) என்ற தெரிவைக் கொடுத்தே எடுக்க வேண்டும். மூல ஹாஷ் கமிட் செய்தியில் ஒரு வரியாகச் சேரும். அவ்வரியை ‘மூலக்குறிப்பு’ எனலாம்.

> மெர்குரியலில் (கிட் போன்ற இன்னொரு கருவி) ‘கிராஃப்ட்’ (graft) என்கிறார்களே, ‘ஒட்டு’?

பேட்சுக்கு (மாற்றங்களைக் காட்டும் கோப்பு) ‘ஒட்டு’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள், குழப்பும். ‘பொறுக்குதல்’ பெயர்ச்சொல்லானால் ‘பொறுக்கி’ என்ற வசவாகிவிடும்.

இரு கிளைகளை ஒன்றுசேர்க்கும் மெர்ஜுக்கு ‘இணைத்தல்’ இருக்கட்டும். இரு பெற்றோர் கொண்ட கமிட் இணைப்பு, ஒரே பெற்றோர் கொண்டது படி என்ற வேறுபாடு பயனருக்கு முக்கியம். திருத்தத்தை, அது தேவைப்படும் மிகப் பழைய கிளையில் இட்டு மேல்நோக்கி இணைக்கச் சொல்கிறது கிட்டின் பணிமுறைக் கையேடு. லினக்ஸ் கருனியின் (kernel) நிலைக்கிளைகளில், அதாவது வெளியான பதிப்புகளுக்குத் திருத்தங்கள் மட்டும் சேர்க்கும் கிளைகளில், திசை தலைகீழ்: முதன்மை மரத்தில் ஏறிய திருத்தமே அங்கே படியெடுக்கப்படும். ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் இந்த விளக்கத்தையே எழுத முடியாது.

இடைமுகத்தில் தோன்றும் சரங்கள்: ‘இக்கமிட்டைப் படியெடு’, ‘படியெடுத்தலைத் தொடர்’, ‘படியெடுத்தலைக் கைவிடு’. ஹாஷை நகலகத்தில் (கிளிப்போர்டில்) வைக்கும் கட்டளை ‘நகலெடு’ என்றே இருக்கட்டும்.