கிளைடர் இறங்கிய பிறகு தரையில் இன்னொன்றோடு மோதுவது எப்படி நடக்கிறது?

மேகப்பித்தன்:
வணக்கம். ஜெர்மனிக்குப் படிக்க வந்த இடத்தில், இந்த ஏப்ரலில் எஞ்சின் இல்லாத விமானமான கிளைடர் ஓட்டும் ஒரு சின்ன கிளப்பில் சேர்ந்தேன். போன ஞாயிறு, ஒற்றையாள் கிளைடர் ஒன்று அழகாக இறங்கி, புல்லில் உருண்டு வந்து, கயிற்றால் இழுத்து மேலே ஏற்றும் விஞ்சுக்காக வரிசையில் நின்ற இன்னொன்றின் இறக்கை நுனியில் இடித்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஓட்டியவர் பல வருட அனுபவசாலி. மேலே இருக்கும்போது மோதல் எச்சரிக்கைக் கருவியான ஃபிளார்ம் கத்துகிறது, ரேடியோவில் மாறி மாறிச் சொல்கிறோம், கீழே இவ்வளவு பெரிய மைதானம் காலியாகக் கிடக்கும்போது இது எப்படி நடக்கிறது?

பழையகயிறு:
முக்கால்வாசி காரணம் நடக்கச் சோம்பல்தான் தம்பி. புறப்படும் இடத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றால் தள்ள வேண்டாமே என்று எல்லோரும் அதை நோக்கியே உருட்டுகிறோம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் வேகம் குறையக் குறைய வாலில் திசை திருப்பும் ரட்டருக்குக் காற்று கிடைக்காது, கால் எவ்வளவு மிதித்தாலும் மூக்கு திரும்பாது. எஞ்சின் இல்லாததால் மறுபடி மேலே எழும்பிச் சுற்றி வரவும் வழியில்லை. ஏஎஸ்கே 21 என்ற இரண்டாள் பயிற்சி கிளைடரின் இறக்கை நுனிக்கு நுனி 17 மீட்டர், அதாவது நடுவிலிருந்து ஒரு பக்கம் எட்டரை மீட்டர். உட்கார்ந்திருப்பவருக்கு மூக்குதான் தெரியும், நுனி எங்கே போகிறது என்று சரியாகப் பிடிபடாது.

ஈரப்புல்:
பிரேக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல கிளைடர்களில் ஏர்பிரேக் (இறக்கையில் எழும்பிக் காற்றைத் தடுக்கும் பலகை) லீவரைக் கடைசிவரை பின்னால் இழுத்தால்தான் சக்கரம் பிடிக்கும். காலைப் பனியில் நனைந்த புல்லில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், சத்தம்கூட வராது. அப்புறம் பக்கக் காற்று: வேகம் குறைந்ததும் மூக்கு காற்று வரும் பக்கம் திரும்பப் பார்க்கும். வரிசை அந்தப் பக்கம் நின்றால் நேராக அதற்குள் போகும். இறக்கை நுனி புல்லில் பட்டாலும் இதே கதை, பட்ட பக்கம் சுழலும். எனக்குப் பயம் ஒன்றுதான்: பெல்ட் போட்டுக் காக்பிட்டில் காத்திருப்பவரின் தலை, வருகிற இறக்கையின் உயரத்தில்தான் இருக்கிறது.

மேகப்பித்தன்:
அப்போ நான் என்ன செய்ய வேண்டும்? மைதானத்தில் ஏற்கனவே இரண்டு நிற்கின்றன என்றால்?

பழையகயிறு:
முடிவை மேலேயே எடு. இறங்குவதற்கு முன் மைதானத்தைச் சுற்றி வரும்போது, காற்று அடிக்கும் திசையோடு போகும் பகுதியிலேயே கீழே பார்த்து, காலியான பட்டையைத் தேர்ந்தெடு. பிரேக் வேலையே செய்யாது என்று வைத்துக்கொள், அப்படியும் எதிலும் இடிக்காத கோடாக இருக்க வேண்டும். நிற்கிற கிளைடரைப் பார்த்து உருளாதே, கடைசியில் பிரேக் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கவே நினைக்காதே. 80 கி.மீ. வேகத்தில் இருக்கும் ஆற்றல் 40-இல் இருப்பதைப் போல நான்கு மடங்கு, கொஞ்சம் வேகமாக வந்தாலே கணக்கு தப்பிவிடும்.

ஈரப்புல்:
ஒரு சின்ன விஷயம். இறங்கி நின்றதும் மூடியைத் திறந்து போட்டோ எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். பின்னால் யாராவது வருகிறார்களா பாருங்கள், இல்லையென்றால் உடனே ஓரத்துக்குத் தள்ளுங்கள். வந்துகொண்டிருந்தால் அவர் எந்தப் பக்கம் போகிறார் என்று தெரியும்வரை நடுவில் ஓடக் கூடாது.

மேகப்பித்தன்:
இன்று பயிற்சியாளரோடு இறங்கும்போது வரிசையை விட்டு ரொம்பத் தள்ளி, மைதானத்தின் மறு ஓரத்தில் நிறுத்தினேன். திருப்பித் தள்ளிக்கொண்டு வர 15 நிமிடம் ஆனது. அடுத்த முறைக்குக் காத்திருந்த பையன் முறைத்தான், பயிற்சியாளர் ஒன்றும் சொல்லாமல் வால் பக்கம் போய்த் தள்ள ஆரம்பித்தார்.