ஃப்ளூ ஊசி: உங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்?

அக்கா, அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். மாணவர்கள் ஃப்ளூ ஊசிக்கு ஏன் தயங்குகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. குளிர்காலம் நெருங்குகிறது; ஊசி போட்டாலும் பலன் தர இரண்டு வாரம் ஆகும்.

"ஊசி போட்டால்தான் ஃப்ளூ வரும்" என்று என் வகுப்பிலேயே சொல்கிறார்கள். அதில் இருப்பது செயலிழந்த கிருமி, நோயைத் தராது. கை வலிக்கலாம், லேசாக உடம்பு சுடலாம், பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் பயத்தைவிடக் காசும் அலைச்சலும்தான் பெரிய தடை என்று எனக்குத் தோன்றுகிறது. அரசு கிளினிக்கில் முதியோர், கர்ப்பிணிகள், நாள்பட்ட நோயாளிகளுக்குத்தான் முன்னுரிமை. மற்றவர்கள் மருந்துக்கடையில் பணம் கட்ட வேண்டும். வீட்டில் பாட்டி இருப்பவர்கள் மட்டும் உடனே போட்டுக்கொள்கிறார்கள்.

டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கல்லூரி போகும் பிள்ளைகள் இருந்தால், போட்டார்களா, இல்லையென்றால் எது தடுத்தது என்று கேட்டு எழுதுங்களேன். பெயர் வேண்டாம்.