பெட்ரோல் எஞ்சின் 5 செகண்ட் ஓடி நின்னுடுது, அவசரம்

குடியாத்தம்பறவை: எல்லாருக்கும் வணக்கம். ரிமோட்ல ஓட்டற பெரிய மாடல் பிளேனுக்கு பெட்ரோல் எஞ்சின் மாட்டிருக்கேன். பெட்ரோல் ஏத்தற ரப்பர் பல்ப் அமுக்கி கயிறு இழுத்தா உடனே பிடிக்குது, 5 செகண்ட்ல நின்னுடுது. மறுபடி பல்ப், மறுபடி 5 செகண்ட். ஸ்பார்க் நல்லா வருது. ஞாயித்துக்கிழமை பள்ளிகொண்டா பக்கம் பாலாத்துல பறக்க விடணும். இன்னா பண்றது?

காட்பாடிஆர்சி: என்ன எஞ்சின்? எத்தனை சிசி? ஆயில் கலந்தீங்களா, எவ்ளோ?

ஆற்காடுலேத்து: பெட்ரோலைப் பாருங்க. இப்ப பங்க்ல வர்றதுல 20 சதவீதம் எத்தனால். கார்ப்ல (கார்புரேட்டர்) இருக்கற டயாஃப்ரம், அதான் மெல்லிசு சவ்வு, விறைச்சிப் போயிருக்கும்.

பழையபிஸ்டன்: தம்பி, "பெட்ரோல் எஞ்சின்"னு மட்டும் சொன்னா யாருக்கு என்ன புரியும்? இதை எத்தனை தடவைதான் எழுதறது. எஞ்சின் மேல இருக்கற நம்பரைப் படிக்கக் கத்துக்கிட்டு கேளுங்க. முதல்ல வர்ற 1 ஒரு சிலிண்டர், ஈ 2 ஸ்ட்ரோக், அடுத்த எண் போர், அதாவது சிலிண்டர் உள் விட்டம், மில்லிமீட்டர்ல, எஃப் ஏர் கூலிங். 40 இருந்தா 43 சிசி, 44 இருந்தா 52 சிசி.

குடியாத்தம்பறவை: சாரிண்ணா. 1ஈ40எஃப்-5. பெரியப்பா மாந்தோப்புல புல் வெட்டின மெஷின். க்ளட்ச் கழட்டிட்டேன், ஃப்ளைவீல் அப்படியே இருக்கு. ஆயில் 25க்கு 1.

சத்துவாச்சாரிவிங்ஸ்: ஃப்ளைவீலைக் கழட்டாம விட்டது நல்லது, காந்தம் அதுலதான் இருக்கு. கழட்டினா ஸ்பார்க் குடுக்க தனி சிடிஐ பெட்டி, பேட்டரி எல்லாம் வேணும். டியூப் என்ன போட்டீங்க? மெத்தனால்ல ஓடற க்ளோ எஞ்சினுக்கு வர்ற சிலிகான் டியூப் பெட்ரோல்ல ஊறி வீங்கிடும். டேங்குக்கு உள்ள இருக்கறதையும் மாத்துங்க.

காட்பாடிஆர்சி: லேத்து அண்ணா, அதே பங்க் பெட்ரோல்லதான் நானும் ஓட்டறேன். ஒண்ணும் ஆவலையே.

ஆற்காடுலேத்து: நீங்க ஓட்டி முடிச்சதும் டேங்கைக் காலி பண்றீங்க. தோட்டத்து மெஷின் மாசக்கணக்கா பெட்ரோலோட ஷெட்டுல கிடக்கும். நம்பலன்னா அளவு குழாய்ல 100 மில்லி பெட்ரோல், 10 மில்லி தண்ணி ஊத்தி குலுக்கி வைங்க. எத்தனால் தண்ணியோட சேர்ந்து அடியில இறங்கிடும். தண்ணி 10, எத்தனால் 20, கோடு 30 கிட்ட நிக்கும்.

காட்பாடிஆர்சி: எத்தனால் இருக்குன்னு நானும் ஒத்துக்கறேன். 5 செகண்ட்ல நிக்கறதுக்கு அதுதான் காரணம்னு எப்படி சொல்றீங்க? விறைச்ச டயாஃப்ரம்னா ஸ்டார்ட்டிங்கே தகராறு பண்ணும்.

ஆற்காடுலேத்து: என் கடைக்கு வர்ற கார்ப்ல பாதி இந்தக் கேஸ்தான்.

ராணிப்பேட்டைடர்னர்: அது இருக்கட்டும். குடியாத்தம் தம்பி, கார்ப் ஒரிஜினலா இருந்த மாதிரியே இருக்கா, திருப்பிப் போட்டீங்களா?

குடியாத்தம்பறவை: கவுலிங், அதான் எஞ்சின் மேல் மூடி, கார்ப்ல இடிச்சுதுண்ணா. அலுமினியத்துல 15 மில்லிமீட்டர் ஸ்பேசர் கடைஞ்சி எஞ்சினுக்கும் கார்புக்கும் நடுவுல வச்சேன். கேஸ்கட் பேக்கிங் ஷீட்ல நானே வெட்டினது. அதெல்லாம் முக்கியம்னு தோணல.

ராணிப்பேட்டைடர்னர்: அங்கதான் கோளாறு. பழைய கேஸ்கட்டை வெளிச்சத்துல பிடிச்சிப் பாருங்க. நடுவுல பெரிய ஓட்டை, போல்டுக்கு ரெண்டு, இது போக ஓரமா குண்டூசித் தலை மாதிரி ஒண்ணு இருக்கும். பிஸ்டன் மேல கீழ போறப்ப கிராங்க்கேஸ் அழுத்தம் அந்தச் சின்ன ஓட்டை வழியா வந்துதான் கார்ப்ல இருக்கற பம்ப் டயாஃப்ரத்தை அடிக்கும். அதை மூடிட்டா டேங்க்ல இருந்து பெட்ரோல் வராது. பல்ப் அமுக்கினப்ப உள்ள நிறைஞ்சது தீர்ற வரைக்கும் ஓடும், அவ்ளோதான். ஸ்பேசர்லயும் ரெண்டு கேஸ்கட்லயும் அதே இடத்துல ஓட்டை போடுங்க. பிசிறு இல்லாம வழிச்சி எடுங்க.

பழையபிஸ்டன்: கரெக்ட். ஸ்டார்ட் பண்றப்ப வாலைக் கயிறு போட்டுக் கட்டிட்டு, கார்ப் ஊசியைத் திருகறதை ப்ராப்புக்கு (ப்ரொப்பெல்லர்) பின்னாடி நின்னு பண்ணுங்க. 43 சிசில சுத்தற ப்ராப் விரலை எடுத்துடும். பறக்கறதுக்கு முன்னாடி டிஜிட்டல் ஸ்கை மேப்ல, அதான் எங்க பறக்க விடலாம்னு காட்டற அரசு மேப்ல, இடத்தைப் பாருங்க, வேலூர் அப்துல்லாபுரம் ஏர்போர்ட் ஞாபகம் இருக்கட்டும்.

குடியாத்தம்பறவை: ஓட்டை மூடித்தான் இருந்துச்சி. ட்ரில் போட்டேன், 10 நிமிஷமா நிக்காம ஓடுது. டர்னர் அண்ணா, ரொம்ப நன்றி.

சத்துவாச்சாரிவிங்ஸ்: டியூப் மாத்தினீங்களா? ப்ராப் என்ன சைஸ், 20×8 இன்ச் தானே?