பஸ்ஸில் வேலைக்குப் போகிறவனுக்கு இரும்புப் பெட்டியா, முதுகுப் பையா?

கொட்டாஞ்சேனை வயர்:
வீட்டு வயரிங், ஏசி சர்விஸ் செய்கிறேன். வேலை பெரும்பாலும் கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஃப்ளாட்களில். ஸ்கூட்டரை விற்றுவிட்டேன், இப்போது புறக்கோட்டை வந்து 100 அல்லது 101 பஸ் பிடித்துத்தான் போகிறேன். என்னிடம் இருப்பது ஐந்து தட்டு இரும்புப் பெட்டி, அதை மிதிபலகைக்குப் பக்கத்தில் வைத்தால் ஏறுகிறவர்கள் எல்லாரும் முழங்காலை இடித்துவிட்டு என்னைத்தான் ஏசுகிறார்கள், போன வாரம் ஒரு அம்மாவின் சாரி மூடியில் மாட்டிக் கிழிந்தே போனது. பை வாங்கலாமா? குறடு, ஸ்பேனர் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கிறது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

மூன்றாம் மாடி:
தம்பி, பெட்டி வாகனம் உள்ளவனுக்கு. முதுகுப் பைதான் சரி, ஆனால் அடிப்பகுதி கெட்டியாக, தரையில் வைத்தால் தானே நிற்கிற மாதிரி பார்த்து வாங்கு. பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் கடைகளில் ஏறி இறங்கு, வெறும் பையைத் தூக்கிப் பார்க்காதே, உன் டூல்ஸைக் கொண்டுபோய் உள்ளே போட்டுத் தோளில் மாட்டிப் பார். கனமானவை முதுகை ஒட்டிக் கீழே, டெஸ்டர், மல்டிமீட்டர் மேலே. பஸ்ஸில் ஏறியதும் பையை முன்பக்கம் மாட்டிக்கொள். இன்னொன்று, ஃப்ளாட் வீட்டு டைல்ஸில் இரும்புப் பெட்டியை இழுத்தால் கீறல் விழும், அந்தக் காசும் உன் தலையில்தான்.

பழைய உளி:
நான் தச்சன், பைக்காரன் இல்லை. பைக்குள் எல்லாவற்றையும் குவித்தால் உளி மழுங்கும், திருப்புளி தேடவே பத்து நிமிடம் போகும். தடித்த கான்வஸில் பைகளுக்கு ஜிப் தைக்கிறவரிடம் கொடுத்து, வரிசையாகப் பொக்கெட் வைத்து, பாய் மாதிரிச் சுருட்டி வைக்கிற ஒரு சுருள் தைத்துக்கொள். விரித்தால் எது இல்லை என்று கண்ணுக்குத் தெரியும், வேலை முடிந்து எதையும் ஸீலிங்குக்கு மேல் மறந்துவிட்டு வரமாட்டாய் (நான் இரண்டு சுத்தியல் அப்படிக் கொடுத்திருக்கிறேன்). தோல் உறை மட்டும் வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைத் தின்றுவிடும்.

கொட்டாஞ்சேனை வயர்:
சுருள் நல்ல யோசனை. ஆனால் கோர்ட்லஸ் ட்ரில்லும், ஏசி குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கிற வேக்குவம் பம்பும்?

மூன்றாம் மாடி:
பம்பை பஸ்ஸில் கொண்டுபோகாதே, அதுவே பல கிலோ. அது தேவைப்படுகிற நாளில் ஆட்டோ பிடித்து அந்தக் காசையும் கூலியில் சேர். ஏசிக்கு நிரப்புகிற ஆர்-32 கேஸ் சிலிண்டரும் அப்படியே, அது லேசாகத் தீப்பற்றக்கூடியது, கூட்டத்துக்குள் கொண்டுபோகிற சாமான் இல்லை. ட்ரில் பேட்டரியைக் கழற்றி மூடி போட்டு வை, ஆணி, ஸ்க்ரூ கிடக்கிற பொக்கெட்டில் போட்டால் இரண்டு முனையும் ஒட்டி ஷோர்ட் ஆகும். சில வாரம் வேலை இல்லை என்றால் பாதி சார்ஜில் வை, வெயில் படுகிற ஜன்னலோரம் வேண்டாம்.

கடற்கரைத் தெரு:
துரு விஷயத்தை யாரும் சரியாகச் சொல்லவில்லை. வெள்ளவத்தையில் கடல் காற்றில் உப்பு வரும், அது இரும்பில் படிந்து காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதுவும் போக, ஏசி அறையில் பகல் முழுக்கக் குளிர்ந்த குறட்டை வெளியே எடுத்ததும் மூக்குக்கண்ணாடி மாதிரி அதில் நீர் பூக்கும், நீ அதையே பையில் போட்டு ஜிப்பை மூடுகிறாய்! துடைத்துவிட்டுப் போடு. வீட்டுக்கு வந்ததும் சுருளை விரித்துக் காற்றாட விடு, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டுத் துணியில் விட்டுத் தேய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள் போகப் பிசுபிசுத்து மூட்டு இறுகும். ஈரத்தை உறிஞ்சுகிற நீல சிலிக்கா ஜெல் பை போட்டால் அது ரோஸ் நிறமானதும் சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம்.

பழைய உளி:
அந்தப் பழைய இரும்புப் பெட்டியை விற்காதே. வீட்டில் கட்டிலுக்குக் கீழே வை, தினம் தேவைப்படாதது எல்லாம் அதில் இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனை வயர்:
சரி அண்ணே, நேற்று எல்லாவற்றையும் பாயில் கொட்டிப் பார்த்தேன், மூன்று டெஸ்டர் இருக்கிறது, இரண்டு வேலை செய்யவில்லை. சுருள் தைக்கக் கொடுத்துவிட்டேன், பை சம்பளத்துக்குப் பிறகு.