முப்பத்திரண்டும் சரியாக இருந்தனவே!

கொருக்குப்பேட்டை கணினிக்கடை:

நம் வடசென்னைக் குழுவில் நேற்று முன்தினம் ராயபுரம் ஓய்வூதியர் ஐயா எழுதிய நீண்ட பதிவைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவன் அவருடைய கணினியின் ‘அடையாள எண்’ முழுவதையும் பிசகாமல் சொன்னானாம்; அந்த எண் கணினியைப் பழுதுபார்த்தவர் கைக்கு மட்டுமே போயிருக்க முடியுமாம்; ஆகவே கடைக்காரர்கள்தாம் வாடிக்கையாளர் விவரங்களை மோசடிக் கும்பலுக்கு விற்கிறார்களாம். ஐயா கடையின் பெயரை எழுதவில்லை என்றாலும், அவர் கணினியைக் கடைசியாகப் பிரித்தவன் நான் என்பது அவர் தெருவுக்கே தெரியும்.

நடந்தது என்னவென்று நான் சொல்கிறேன். அவன் உங்களைக் கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறக்கவைத்து, ஏ, எஸ், எஸ், ஓ, சி என்ற ஐந்து எழுத்துகளைத் தட்டச் சொல்லியிருப்பான். எந்தக் கோப்பு எந்த வகை என்னும் பட்டியல் கடகடவென்று ஓடி நின்றதும், கடைசி வரிகளில் ஒன்றில் 888டிசிஏ60 என்று தொடங்கும் நீண்ட எண் தெரிந்திருக்கும். அது உங்கள் கணினியின் அடையாளம் அன்று. ஒரு கோப்பின்மேல் வலது பொத்தானை அழுத்தினால் வரும் ‘அனுப்பு’ பட்டியலில், கோப்பை ஜிப்பாகச் சுருக்கும் வசதி ஒன்று இருக்கிறதல்லவா, அதற்கு விண்டோஸ் ஒட்டிவைத்திருக்கும் பெயர்ச்சீட்டு. அவன் கணினியிலும் அதே எண்தான். அதைப் பார்த்துத்தான் உங்களுக்குப் படித்தான்.

ராயபுரம் ஓய்வூதியர்:

தம்பி, நான் யாரையும் குறிப்பிடவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். உங்கள் முதல் வரியிலேயே அது தெரிந்துவிட்டது.

நான் துறைமுகத்தில் 31 ஆண்டு சரக்குப் பதிவேடு எழுதியவன். ஒரு கன்டெய்னருக்கு நான்கு எழுத்து, ஏழு இலக்கம். அந்த ஏழில் கடைசி இலக்கம், முந்தியவற்றில் பிழை இல்லை என்று சரிபார்ப்பதற்காகவே வைக்கப்பட்டது. எந்த இரண்டு பெட்டிக்கும் ஒரே எண் கிடையாது. எண் என்றால் அப்படித்தான் இருக்கும். அவன் தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் கிழித்துவைத்திருந்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, பிறகு திரையோடு ஒப்பிட்டேன். மொத்தம் 32 எழுத்து. முப்பத்திரண்டும் சரியாக இருந்தன. அவனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்டால், ஜிப் என்றும் பெயர்ச்சீட்டு என்றும் கதை அளக்கிறீர்கள்.

பெரம்பூர் ஆசிரியை:

ஐயாவின் பதிவைப் படித்ததும் என் மடிக்கணினியிலும் அந்த ஐந்து எழுத்துகளைத் தட்டிப் பார்த்தேன். 888டிசிஏ60 என்று தொடங்கி 00சி04எஃப்டி7டி062 என்று முடிகிறது. பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியின் கணினியிலும் ஓர் எழுத்துகூட மாறாமல் அதுவே இருக்கிறது. உங்கள் நாட்காட்டித் தாளில் இருப்பதும் இதுதானா என்று அருள்கூர்ந்து பார்த்துச் சொல்லுங்கள். நான் என் கணினியைக் கொருக்குப்பேட்டைப் பக்கம் கொண்டுபோனதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

ராயபுரம் ஓய்வூதியர்:

அம்மா, தாளை எடுத்துப் பார்த்துவிட்டேன். எழுத்துக்கு எழுத்து அதுவேதான். ஆகவே இந்த அநியாயம் எனக்கு மட்டும் நேரவில்லை, உங்களுடைய எண்ணும் அந்த மாணவியின் எண்ணும்கூட அவர்கள் கைக்குப் போய்விட்டன என்பது இப்போது உறுதியாகிவிட்டது. நான் ஒரு கடையைத்தான் சந்தேகித்தேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பல கடைகள் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன போலும்.

கொருக்குப்பேட்டை கணினிக்கடை:

இதற்கு என்ன பதில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. கடையில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள், பிறகு வருகிறேன்.

எண்ணூர் டிரெய்லர்:

பெரியவருக்கு வணக்கம். துறைமுகத்துக்குப் போகும் விரைவுச்சாலை வரிசையில் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். எனக்கு முன்னால் நிற்கும் பெட்டியின் கதவு கண்ணெதிரே இருக்கிறது. மேலே நீங்கள் சொன்ன நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கின்றன. அதன் கீழே 22ஜி1 என்று எழுதியிருக்கிறது. அதற்கு முன்னால் நிற்கும் பெட்டியிலும் 22ஜி1 தான். சாதாரண இருபதடிப் பெட்டி என்பதற்கான குறி அது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே உங்களைப் போன்ற ஒரு பதிவேட்டு எழுத்தர். யாரோ ஒருவன் தொலைபேசியில் அழைத்து, ‘உன் பெட்டியில் 22ஜி1 என்று இருக்கிறதா, இல்லையா?’ என்று கேட்டால், ஐயையோ என் சரக்கெல்லாம் இவனுக்குத் தெரிந்துவிட்டதே என்று நான் சாவியைக் கொடுத்துவிட முடியுமா? கடைக்காரர் சொல்லும் எண் 22ஜி1 போன்றது. நீங்கள் அதைப் பெட்டி எண் என்று நினைக்கிறீர்கள்.

ராயபுரம் ஓய்வூதியர்:

22ஜி1 என்பது நான்கே எழுத்து. நான்கு எழுத்தைக் குருட்டாம்போக்கில் எவனும் சொல்லிவிடலாம். நான் சொல்வது 32. மேலும், பெட்டிக் கதவில் எழுதியிருப்பதை எனக்கே வகுப்பெடுக்கும் அளவுக்கு ஓட்டுநர்கள் வளர்ந்துவிட்டது மகிழ்ச்சிதான். கைபேசியை வைத்துவிட்டுப் பார்த்தால் முன்னால் உள்ள வண்டி நகர்ந்திருப்பது தெரியும்.

எண்ணூர் டிரெய்லர்:

நகரவில்லை. வரிசை ஏன் நகர்வதில்லை என்பதைப் பற்றிப் பதிவேடு எழுதுகிறவர்களிடம் நான் பேசத் தொடங்கினால் இந்த இழை போதாது. அது இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.

காசிமேட்டுக் கடலோடி:

எண்ணைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பேர் மல்லுக்கட்டுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. இப்படிப்பட்ட அழைப்பு வந்தால் நான் துண்டிப்பதே இல்லை. போன மாதம் ஒருவனை நாற்பது நிமிடம் பிடித்துவைத்தேன். கணினி திறந்துகொண்டிருக்கிறது, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று சொல்லியபடியே கிழிந்த வலையில் பாதியைப் பின்னி முடித்தேன். என் வீட்டில் கணினியே கிடையாது. அந்த நாற்பது நிமிடத்தில் எங்கோ ஒரு பெரியவர் தப்பியிருப்பார் அல்லவா?

பெரம்பூர் ஆசிரியை:

உங்கள் வீரத்தைப் பாராட்டுகிறேன். ஆனால், நாற்பது நிமிடம் பேசுகிற எண் ஒன்று கிடைத்துவிட்டது என்று அவன் பக்கத்து இருக்கைக்காரனுக்கும் அதைக் கொடுக்கமாட்டான் என்பதற்கு என்ன உறுதி? மைக்ரோசாஃப்ட் தானாக யாரையும் அழைத்து ‘உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது’ என்று சொல்வதில்லை; அந்த நிறுவனத்தின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண்ணும் இருப்பதில்லை. இவ்வளவு தெரிந்தபின் அந்தப் பேச்சில் மேற்கொண்டு கேட்க எதுவும் இல்லை. நான் துண்டித்துவிட்டு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடி அழைப்புகளைத் தெரிவிக்க 2024 மார்ச்சில் தொடங்கிய சக்ஷு பகுதியில் அந்த எண்ணைப் பதிந்துவிடுவேன். இரண்டு நிமிட வேலை.

காசிமேட்டுக் கடலோடி:

அரசுத் தளத்தில் இரண்டு நிமிடத்தில் ஒரு வேலை முடிந்தது என்று எழுதும் துணிவு ஆசிரியைகளுக்குத்தான் வரும்.

வண்ணாரப்பேட்டை வங்கி ஊழியர்:

கேட்க வேண்டிய கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை. ஐயா, எண்ணைச் சொன்ன பிறகு அவன் எதையாவது நிறுவச் சொன்னானா? எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றை இறக்கச் சொல்வதுதான் இவர்களின் அடுத்த படி. அவை தம்மளவில் நல்ல மென்பொருள்கள். தொலைவிலிருந்து பழுதுபார்க்க அலுவலகங்களில் அன்றாடம் பயன்படுகின்றன. ஆனால் அவற்றில் தோன்றும் ஒன்பது அல்லது பத்து இலக்க எண்ணை நீங்கள் வாய்விட்டுப் படித்து, அனுமதிப் பொத்தானையும் அழுத்திவிட்டால், அந்த நொடியிலிருந்து உங்கள் திரையும் சுட்டியும் அவனுடையவை. ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் பெயரைச் சொல்லி எச்சரித்தது. பணம் போயிருந்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நேரம் போகப்போகப் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும்.

ராயபுரம் ஓய்வூதியர்:

நான் 32 எழுத்தைப் பற்றிப் பேசும்போது நீங்கள் ஒன்பது, பத்து இலக்கத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். எதை நிறுவினேன், நிறுவவில்லை என்பது என் வீட்டு விவகாரம். சல்லிக்காசு போகவில்லை. சுட்டி தானாக நகரத் தொடங்கிய நேரத்தில் மருமகள் வந்து மோடத்தின் கம்பியைப் பிடுங்கிவிட்டாள்.

கொருக்குப்பேட்டை கணினிக்கடை:

சுட்டி தானாக நகர்ந்ததா? ஐயா, அப்படியென்றால் நிறுவியிருக்கிறீர்கள். அதை முதலில் நீக்குங்கள். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். கணினியை என்னிடம் கொண்டுவர மனம் இல்லையென்றால் வேறு யாரிடமாவது கொண்டுபோய்க் காட்டுங்கள். சுட்டியை நகர்த்தி அவன் எதைத் திறந்திருப்பான் என்றும் சொல்கிறேன். கணினி தன் நடப்புகளைத் தானே குறித்துவைக்கும் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து, வரிசையாக நிற்கும் சிவப்பு வட்டங்களையும் மஞ்சள் முக்கோணங்களையும் காட்டி, ‘இத்தனை வைரஸ்’ என்று எண்ணிக் காட்டியிருப்பான். பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு சேவை தொடங்கச் சற்றுத் தாமதித்தாலே அங்கே ஒரு சிவப்பு விழும். பெட்டி பிரித்து மூன்று நாள் ஆன புதுக் கணினியிலும் அவை இருக்கும்.

ராயபுரம் ஓய்வூதியர்:

சிவப்பு வட்டங்களைப் பற்றி நீங்கள் வாய் திறந்தது நல்லதாகப் போயிற்று. சென்ற ஐப்பசி மழையில் கணினியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு உங்கள் கடைக்கு வந்தேனே, அன்று இதே பதிவேட்டைத் திறந்து, இதே சிவப்பு வட்டங்களைக் காட்டித்தானே 2,800 ரூபாய் வாங்கினீர்கள்? அவன் காட்டினால் மோசடி. நீங்கள் காட்டினால் தொழிலா?

எண்ணூர் டிரெய்லர்:

இதற்குக் கடைக்காரர் பதில் சொல்லத்தான் வேண்டும்.

கொருக்குப்பேட்டை கணினிக்கடை:

சொல்கிறேன். அன்று நான் சிவப்பைக் காட்டியது உண்மை. எந்தச் சிவப்பு என்பதுதான் பேச்சு. ‘டிஸ்க்’ என்ற பெயரின்கீழ், 7 என்ற எண்ணோடு, தட்டில் கெட்டுப்போன பகுதி இருப்பதாக ஒரே பிழை பக்கம் பக்கமாக வந்திருந்தது. உங்கள் வன்தட்டு செத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து கரகரவென்று சத்தம் வந்ததை நீங்களே காதை வைத்துக் கேட்டீர்கள். புது எஸ்எஸ்டி போட்டு, உங்கள் பேத்தியின் காதுகுத்துப் படங்கள் அனைத்தையும் மீட்டு, பழைய தட்டையும் உங்கள் பையிலேயே போட்டுக் கொடுத்தேன். ரிச்சி தெருவில் வாங்கிய பில்லும் அதோடு இருந்தது.

ராயபுரம் ஓய்வூதியர்:

அந்தப் பில்லில் கையெழுத்து இல்லை. அன்றைக்கே கேட்கவேண்டும் என்று இருந்தேன்.

எண்ணூர் டிரெய்லர்:

வங்கி ஊழியரிடம் ஒன்று கேட்கிறேன். மூன்று நாளுக்குள் தெரிவித்தால் முழுப் பணத்தையும் வங்கி திருப்பித் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017லேயே ஆணையிட்டதாகச் சொல்கிறார்கள். அப்படியிருக்க, இரண்டாம் நாளே போய் நின்ற என் மைத்துனரை ஏன் கைவிரித்து அனுப்பினார்கள்?

வண்ணாரப்பேட்டை வங்கி ஊழியர்:

2017 ஜூலைச் சுற்றறிக்கையை எல்லோரும் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். பிழை வங்கியுடையதாகவும் இல்லை, வாடிக்கையாளருடையதாகவும் இல்லை, வெளியே எங்கோ நேர்ந்தது என்னும்போதுதான் அந்த மூன்று வேலைநாள் கணக்கு. கடவுச்சொல்லையோ ஓடிபியையோ வாடிக்கையாளரே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேரும் இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு நேர்வது வங்கியுடையது. உங்கள் மைத்துனர் ஓடிபியைச் சொன்னாரா?

எண்ணூர் டிரெய்லர்:

வங்கிக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். பணத்தை எடுத்தவனைத் தேடும் வேகத்தைவிட ஓடிபியைத் தேடும் வேகம் அதிகம்.

ராயபுரம் ஓய்வூதியர்:

மூன்று நாள், ஓடிபி, மைத்துனர் என்று எல்லாம் பேசியாயிற்று. முப்பத்திரண்டும் எப்படிச் சரியாக இருந்தன என்பதற்கு மட்டும் எவரும் விடை சொல்லவில்லை.

பெரம்பூர் ஆசிரியை:

ஐயா, வேறு வழியில் கேட்கிறேன். உங்கள் அஞ்சல் குறியீடு 600013. அறிமுகமில்லாத ஒருவன் அழைத்து அதைச் சரியாகச் சொன்னால், அவன் உங்கள் வீட்டு அடுக்களைவரை வந்துபோனவன் என்று பொருளா? ராயபுரத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தானே சொல்வார்கள்? 2023 அக்டோபரில் சி.பி.ஐ. ஆபரேஷன் சக்ரா-2 என்ற பெயரில் சோதனை நடத்தியபோது, மைக்ரோசாஃப்டும் அமேசானும் கொடுத்த புகார்களும் அதில் இருந்தன. தொழில்நுட்ப உதவி என்ற பெயரில் இங்கிருந்தபடி வெளிநாட்டவரை ஏமாற்றிய அழைப்பு மையங்கள் பிடிபட்டன. கடல்கடந்து வாழ்கிறவர்களின் கணினி எண்களையும் கொருக்குப்பேட்டையிலிருந்துதான் விற்றார்களா?

ராயபுரம் ஓய்வூதியர்:

அஞ்சல் குறியீடு ஊருக்கு உரியது. நான் சொல்லும் எண் என் கணினிக்குள் இருந்தது. வெளிநாட்டில் ஏமாந்தவர்கள் என்னைப்போல் பென்சிலால் எழுதி ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தேன். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டுவரை சிறை உண்டு என்று மருமகள் சொல்கிறாள். எண்ணைக் கொடுத்து உதவியவர்களுக்கு என்ன தண்டனை என்று நம் வங்கி ஊழியர் தேடிச் சொன்னால் நன்றாக இருக்கும்.

வண்ணாரப்பேட்டை வங்கி ஊழியர்:

நான் காசாளர், வழக்கறிஞர் அல்லன்.

காசிமேட்டுக் கடலோடி:

இப்போதுதான் எனக்கு மறுபடியும் அழைப்பு வந்தது. அந்த எண்ணைச் சொல் என்று நானே கேட்டேன். அவன் 888 என்று தொடங்கியதும், அதன் கடைசிப் பகுதியை நான் இந்த இழையைப் பார்த்தே படித்துக் காட்டினேன். துண்டித்துவிட்டான். வெறும் இரண்டு நிமிடம். என் கணக்கில் இது தோல்விதான்.

ராயபுரம் ஓய்வூதியர்:

பார்த்தீர்களா? கணினியே இல்லாதவருடைய எண்ணும் அவனிடம் இருக்கிறது.

கொருக்குப்பேட்டை கணினிக்கடை:

ஐயா, உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இன்று மாலை உங்கள் வீட்டுக்கு வருகிறேன். என் கடைக் கணினி ஒன்றையும் தூக்கிவருகிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்து எழுத்தைத் தட்டிப் பார்ப்போம்.

ராயபுரம் ஓய்வூதியர்:

தேவையில்லை. உங்கள் கணினியை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் தயார்செய்து கொண்டுவர முடியும். ஒரே ஒரு கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். அவன் சொன்ன எண் என் கணினியில் இருந்ததா, இல்லையா?

கொருக்குப்பேட்டை கணினிக்கடை:

இருந்தது. எல்லோர் கணினியிலும் இருந்தது, இருக்கிறது, இனியும் இருக்கும்.

ராயபுரம் ஓய்வூதியர்:

‘இருந்தது’ என்று கடைக்காரரே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டதைக் குழுவில் உள்ள அனைவரும் படம்பிடித்து வைத்துக்கொள்ளவும்.