லங்காவியில் 38 அடி பாய்மரப் படகு: வாங்கிக் குடியேறலாமா?

கிள்ளான்_வாசி

வணக்கம். எனக்கு அடுத்த வருடம் 55 ஆகிறது, இ.பி.எப். பணம் கைக்கு வந்துவிடும். பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். கிள்ளான் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நானும் மனைவியும் பாய்மரப் படகில் குடியேறி லங்காவி, தாய்லாந்து, முடிந்தால் அந்தமான், இலங்கை என்று அவசரமில்லாமல் போக வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. ஆசை என்னுடையது, மனைவி "பார்க்கலாம்" என்கிற அளவில் இருக்கிறார். நான் டே ஸ்கிப்பர் (பகலில் படகு ஓட்டுவதற்கான அடிப்படைச்) சான்றிதழ் எடுத்திருக்கிறேன், நண்பரின் படகில் புக்கெட் வரை போய் வந்திருக்கிறேன், அவ்வளவுதான் அனுபவம்.

இப்போது லங்காவியில் ஒரு படகு வந்திருக்கிறது. 38 அடி, ஃபைபர்கிளாஸ், 1984-இல் கட்டியது, ஒற்றைப் பாய்மரம், 40 குதிரைசக்தி டீசல் இன்ஜின். உரிமையாளர் வயதான ஐரோப்பியர். கோவிட் சமயத்தில் ஊருக்குப் போனவர், இனி திரும்பி வந்து கடலுக்குப் போகிற உடல்நிலை இல்லையாம். அன்றிலிருந்து படகு கரையில் முட்டுக் கொடுத்து நிற்கிறது. 120,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கேட்கிறார்கள். என் கையில் 200,000 இருக்கும், வீட்டு வாடகையும் இதர வரவும் சேர்த்து மாதம் 4,500 வரும். விலை நியாயமா? இந்த வரவில் ஓட்ட முடியுமா? ஒற்றை உடல் படகே வேண்டாம், இரட்டை உடல் கேட்டமரன்தான் வாங்க வேண்டும் என்கிறார் ஒரு நண்பர். ஏஜென்ட் வேறு "இன்னும் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சீக்கிரம் சொல்லுங்கள்" என்கிறார்.

பினாங்கு_தம்பி

அண்ணே, ஐந்து வருடமாக யாரும் தொடாத படகுக்கு இந்த வாரம் மட்டும் வரிசை கட்டி நிற்கிறார்களா? நிதானமாக இருங்கள். கேட்டமரன் விஷயத்தை மறந்துவிடுங்கள், உங்கள் பணத்துக்கு ஓடுகிற நிலையில் ஒன்று கிடைக்காது. கிடைத்தாலும் அகலம் அதிகம் என்று மரீனாவில் (படகு கட்டும் துறையில்) கூடுதல் கட்டணம், கரையில் தூக்கக் கூடுதல் கட்டணம், இன்ஜின் இரண்டு, சுக்கான் இரண்டு, செலவும் இரண்டு.

உப்புக்காற்று

நான் லங்காவியிலேயே படகில் குடியிருக்கிறேன், இந்த மாதிரி நிற்கும் படகுகளைத் தினமும் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விலை நியாயமா என்று கேட்பதைவிட, இதைக் கடலுக்குப் போகிற நிலைக்குக் கொண்டுவர மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடங்கள், அதாவது ஸ்டாண்டிங் ரிக்கிங், பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியவை. பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஆனால் எஃகு உள்ளேயிருந்துதான் அரிக்கும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். ரசீது இல்லை என்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு முப்பதாயிரத்தை ஒதுக்குங்கள், ஏனென்றால் பழைய படகு என்றால் இன்சூரன்ஸ்காரர்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பாய்களை விரித்துத் தையலை நகத்தால் கீறிப் பாருங்கள். நம் வெயிலில் துணிக்கு முன்னால் நூல்தான் சாகும், கீறியதும் நூல் பொடியாக வந்தால் பாய்க்கும் தனிக் கணக்கு எழுத வேண்டியதுதான்.

டெக்கைக் கையோடு தட்டிப் பாருங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடி போதும். ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தட்டு, முன்னாலிருந்து பின்னால் வரை. "டக் டக்" என்று கெட்டியாகக் கேட்டால் சரி. "தொப்" என்று செத்த சத்தம் வந்தால் ஃபைபர் தோலுக்கு நடுவில் இருக்கிற பால்சா மரம் நீர் குடித்து ஊறிவிட்டது. செயின்பிளேட் (வடங்களைப் படகோடு பூட்டும் தகடு), கம்பிக் கைப்பிடித் தூண்கள், ஜன்னல் ஓரம், இங்கெல்லாம்தான் முதலில் ஊறும். அப்புறம் கீழே இறங்கி, படகின் அடியில் தண்ணீர் உள்ளே வரும் வால்வுகள் ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். இத்தனை வருடம் நின்றதில் பாதி இறுகியிருக்கும். பித்தளையைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துத்தநாகம் கரைந்து போய்விட்டது என்று அர்த்தம், அந்த வால்வு ஒரு நாள் கையோடு உடைந்து வரும், படகும் அன்றைக்கே அடியில் போகும்.

இன்ஜின் 40 குதிரைசக்தி என்பதெல்லாம் சரிதான், டீசல் டாங்க் என்ன கதி? வெப்ப நாட்டில் டாங்க்கில் தண்ணீர் கோர்த்து அதில் கிருமி வளர்ந்து கறுப்புக் கோழையாக அடியில் கிடக்கும். மரீனாவில் அசையாமல் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. முதல் அலையில் கலங்கி ஃபில்டரை அடைத்து, சரியாக நீங்கள் ஒரு கன்டெய்னர் கப்பலுக்கு முன்னால் இருக்கும்போது இன்ஜின் நிற்கும்.

என் கணக்கு: 120,000-க்கு வாங்கினால் இன்னும் 60 முதல் 80 ஆயிரம் அதில் போகும், உங்கள் கையிருப்பு தீர்ந்தது. அதனால் 70-க்குக் கேளுங்கள். தருவார்களா என்றால், படகு நிற்கிற ஒவ்வொரு மாதமும் அந்த ஐரோப்பியர் யார்டுக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார். மாதம் 4,500-இல் நங்கூரம் போட்டு வாழ்ந்தால் இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம். மரீனாவிலேயே கட்டிக்கொண்டு ஏர்கான் ஓட்டினால் கை கடிக்கும்.

காகித விஷயம் ஒன்று. படகு வெளிநாட்டுக் கொடியில் இருக்கும், பழைய நாட்டுப் பதிவிலிருந்து நீக்கிய சான்றிதழ் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். லங்காவி வரியில்லாத் தீவு. மலேசியக் குடிமகன் வாங்கிப் பெருநிலத்துப் பக்கம் கொண்டுவந்தால் வரி எப்படி என்று சுங்கத்துறையில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கடைத்தெருப் பேச்சை நம்பாதீர்கள்.

கடல்வீட்டுக்காரி

மேலே எல்லாரும் வால்வையும் வடத்தையும் பார்க்கிறீர்கள், அந்த "பார்க்கலாம்" என்ற அக்காவை ஒருவரும் பார்க்கவில்லை. அண்ணா, எனக்குத் தெரிந்து படகை விற்றுவிட்டுக் கரையேறிய ஜோடிகளில் முக்கால்வாசிப் பேர் இன்ஜின் கெட்டு ஏறவில்லை, ஒருவருக்கு மட்டுமே ஆசை இருந்ததால் ஏறினார்கள்.

வாங்குவதற்கு முன் லங்காவியில் ஒரு படகை ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள். ஜனவரியில் வேண்டாம், அப்போது எல்லாருக்கும் கடல் பிடிக்கும். செப்டம்பரில் எடுங்கள், மழையில் எல்லா மூடியையும் சாத்திக்கொண்டு உள்ளே புழுங்கும்போது பிடிக்கிறதா என்று பாருங்கள். அந்த வாரத்தில் அக்கா சமைக்க மட்டும் இருந்தால் பிரயோசனமில்லை. சுக்கான் அவர் கையில், நங்கூரம் இறக்குவது அவர், வி.எச்.எஃப். ரேடியோவில் பேசுவது அவர். நீங்கள் தவறித் தண்ணீரில் விழுந்தால் படகைத் திருப்பிக்கொண்டு வந்து உங்களைத் தூக்கப் போவது யார்? அதைச் செய்ய முடியும் என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் பயம் போனது, கடல்மீது கொஞ்சம் ஆசையும் வந்தது. பெண்களுக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால், புதுச்சேரிக்காரரான லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கேரளத்து தில்னாவும் இந்தியக் கடற்படையின் தாரிணி படகில் இரண்டே பேராக 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி உலகத்தைச் சுற்றிக்கொண்டு 2025 மே மாதம் திரும்பியதைச் சொல்லுங்கள்.

சமையலறை பற்றி யாரும் எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் வெளியே போகாது, படகின் அடியில் போய்த் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். சிலிண்டர் வெளியே தனிப் பெட்டியில், அடியில் வடிகால் ஓட்டையோடு இருக்கிறதா என்று பாருங்கள். பிரஷர் குக்கரை மறக்காமல் எடுத்துப் போங்கள். கேஸ் மிச்சம் என்பது இருக்கட்டும், அடுப்பிலிருந்து விழுந்தாலும் மூடி கழன்று கொதிக்கிற குழம்பு காலில் கொட்டாது.

வல்வைப்பெடியன்

அண்ணை, இலங்கைப் பக்கம் வர நினைக்கிறீர்கள், சந்தோஷம். எங்கள் ஊர் வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி என்ற கப்பல் 1938-லேயே பாய் விரித்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறை வரைக்கும் போய்ச் சேர்ந்தது, அதனால் எங்கள் ஆட்களுக்கு இந்தக் கதை கேட்டாலே ஒரு புளுகம், ஒரு சந்தோஷம்.

ஆனால் காற்றின் கணக்கைப் பாருங்கள். புக்கெட்டில் இருந்து இலங்கையின் காலித் துறைமுகம் வரைக்கும் ஏறத்தாழ 1,100 கடல் மைல். ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் ஒரு நாளைக்கு 120 மைல், ஆக ஒன்பது பத்து நாள் கடலிலேயே. ஜனவரி, பெப்ரவரியில் வடகீழ்ப் பருவக்காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும், சுகமாக வரலாம். மார்ச் பிந்தினால் காற்றுச் செத்துவிடும், மே மாதம் தென்மேல் காற்றுத் தொடங்கினால் கடல் வேறு ஆள். வந்த வழியே அடுத்த மாதம் திரும்பலாம் என்று மட்டும் நினையாதீர்கள். வந்தால் மாலைதீவுப் பக்கம் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பருவம் மாறும் வரை இருந்து, பிறகு தென்மேல் காற்றில் முரட்டுக் கடலோடு கிழக்கே திரும்ப வேண்டும். காலி வணிகத் துறைமுகம், சொகுசு மரீனாவை எதிர்பார்க்காதீர்கள், ஏஜென்ட் வைத்துத்தான் பதிவு எல்லாம். அந்தமானுக்கு இந்திய விசா முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும், போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) போய்ப் பார்க்கலாம் என்பது நடவாது.

கிள்ளான்_வாசி

எல்லாருக்கும் நன்றி. தங்கச்சி எழுதியதை மனைவியிடம் அப்படியே படித்துக் காட்டினேன், "நங்கூரம் நான் போடுறேன், பாத்திரம் நீங்க கழுவுங்க" என்றார். செப்டம்பருக்கு ஒரு வாரம் விசாரிக்கச் சொல்லிவிட்டார், அதுவே பெரிய விஷயம். இலங்கையை முதல் வருடத்தில் யோசிக்கவில்லை. ஒருவேளை இந்தப் படகையே வாங்கினால், பழக்கத்துக்காகக் கிள்ளான் வரை ஓட்டி வந்து ஒருமுறை திரும்பலாமா? ஏஜென்ட்டிடம் என்ன சொல்லி நிறுத்தி வைப்பது?

உப்புக்காற்று

மலாக்கா நீரிணை பழகுவதற்கு நல்ல இடம், ஆனால் பாயில் ஓட்டலாம் என்று வராதீர்கள், பாதிக்கு மேல் இன்ஜின்தான். பகலில் மட்டும் ஓடுங்கள். பினாங்கு, பங்கோர் என்று இடையிலும், ஒரு பகலில் முடியாத தூரத்துக்குக் கரையோரத்திலும் நங்கூரம் போட்டு உறங்கிப் போனால் போதும். இரவில் விளக்கில்லாத மீன்பிடிப் படகும் வலையும் கிடக்கும், வலை ப்ரொபெல்லரில் சுற்றினால் நீங்கள்தான் கத்தியோடு குதிக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் விடியலுக்கு முன்னால் சுமத்ராவிலிருந்து ஒரு கறுப்பு மேகக் கோடு வரும், சுமத்ரா என்றே அதற்குப் பெயர். கால் மணி நேரத்தில் காற்று 40 நாட் தாண்டலாம், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓய்ந்துவிடும். நங்கூரச் சங்கிலியை ஆழத்தைப்போல ஐந்து மடங்காவது விட்டிருந்தால் தூக்கம் கெடுவதோடு போகும். கிள்ளான் ஆற்றுவாயில் ஏற்றமும் வற்றமும் நாலு ஐந்து மீட்டர் வரை வரும், நீரோட்டத்துக்கு எதிராக உள்ளே நுழையப் பார்க்காதீர்கள், நேரம் பார்த்து வாருங்கள்.

ஏஜென்ட்டிடம் உங்கள் விலையை எழுத்தில் கொடுங்கள், பத்து சதவீதம் முன்பணம், சர்வேயும் (நிபுணரின் படகுப் பரிசோதனை) கடல் ஓட்டமும் திருப்தியாக இருந்தால் மட்டுமே வாங்குவேன், இல்லையென்றால் முன்பணம் திரும்ப வர வேண்டும் என்று போடுங்கள். சர்வேயரை நீங்களே தேடுங்கள், அவர்கள் கைகாட்டும் ஆள் வேண்டாம். படகைத் தண்ணீரில் இறக்கும் செலவு யாருடையது என்பதும் அதிலேயே இருக்கட்டும். கடல் ஓட்டத்துக்குப் பத்து மணி என்றால் ஒன்பதுக்கே போய் இன்ஜின்மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், அதாவது சூடேறாமல் எளிதில் கிளம்பாத இன்ஜின். அன்றைக்கு ஓட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு, சொல்லாமல் இன்னொரு நாள் போங்கள்.