ஸ்டெஃபனி ஷெர்லியின் நிறுவனம்: வீட்டில் கணினி இல்லாமல் நிரல் எழுதியது எப்படி?

கேள்வி

டேம் ஸ்டெஃபனி ஷெர்லி 1962-ல் இங்கிலாந்தில் 6 பவுண்டு மூலதனத்தில் 'ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள், பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. 'ஸ்டீவ்' என்ற ஆண் பெயரில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவர் கடிதங்களுக்குப் பதில் வந்தது. இதெல்லாம் எல்லாக் கட்டுரையிலும் இருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது வேலை நடந்த விதம். அன்றைக்கு ஒரு கணினியே ஓர் அறையை அடைத்துக்கொள்ளும். அப்படியிருக்க வீட்டில் உட்கார்ந்து என்ன செய்தார்கள்? பிழையை யார் பிடித்தார்கள்? 6 பவுண்டு எப்படிப் போதும்?

பதில் 1

தேவைப்பட்டவை காகிதம், பென்சில், தொலைபேசி. வேலைக்கு ஆள் எடுக்கும்போது தொலைபேசி வசதி உண்டா என்று கேட்டார்கள். அன்றைய இங்கிலாந்தில் பல வீடுகளில் அது கிடையாது.

முதலில் வேலையின் படிகளைக் கட்டங்களும் அம்புகளுமாகக் காட்டும் பாய்வுப்படம் வரைவார்கள். அதைப் பார்த்து நிரலைத் தாளில் எழுதுவார்கள், பெரும்பாலும் கணினிக்கு நேரடியாகப் புரியும் இயந்திர மொழியில். தாள் தபாலில் தரவு மையத்துக்குப் போகும். அங்கே அதை அட்டையிலோ காகித நாடாவிலோ துளையிடுவார்கள். பிறகு அதே தாளை வைத்து முழுவதையும் இன்னொரு முறை தட்டுவார்கள். முதல் தடவையோடு ஒத்துப்போகாத இடம் அப்போது தெரிந்துவிடும். கணினியின் முறை இதற்கெல்லாம் அப்புறம்தான்.

இரண்டாம் முறை தட்டுவது தட்டச்சுப் பிழையை மட்டுமே பிடிக்கும். தாளிலேயே தப்பு இருந்தால் இரண்டு முறையும் அதே தப்பு ஒழுங்காகத் தட்டப்படும். அந்த வகைப் பிழையை எழுதியவரே மேஜையில் பிடிக்க வேண்டும். மாறிகளின் (நிரலில் மதிப்பு மாறிக்கொண்டே இருக்கும் இடங்களின்) பெயரைத் தலைப்பாகப் போட்டு, நிரலின் ஒவ்வோர் அடிக்கும் எந்த மதிப்பு எப்படி மாறுகிறது என்று கையாலேயே எழுதிக்கொண்டு போவதுதான் 'ட்ரை ரன்'. நிரலுக்கு வரும் தகவலில் பதிவே இல்லாவிட்டால் என்ன ஆகும், ஒரே ஒரு பதிவு வந்தால் என்ன ஆகும், கடைசிப் பதிவு முடிந்ததும் என்ன ஆகும் என்ற மூன்றையும் விடாமல் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப ஓடும் பகுதியான லூப் ஒரு சுற்று கூடவோ குறையவோ ஓடுவது அங்கேதான் அகப்படும். இங்கே விட்ட ஒரு பிழைக்கு மறுபடி தபால், துளையிடல், கணினி நேரம் என்று நாள்கள் போகும். அதனால்தான் கவனமாக எழுதுபவருக்கு அவ்வளவு மதிப்பு.

பதில் 2

கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். துளையிடுபவர் நிரலைப் படித்துப் புரிந்துகொள்வதில்லை, கண்ணுக்குத் தெரிவதைத் தட்டுவார். ஆங்கில 'ஓ'வும் பூஜ்யமும், 'ஐ'யும் ஒன்றும், 'இசட்'டும் இரண்டும் சேர்ந்து குழப்பும். ஜோடியில் ஏதாவது ஒரு குறியின் குறுக்கே கோடு போட்டு வேறுபடுத்துவது வழக்கம். ஆனால் சில இடங்களில் பூஜ்யத்துக்குக் கோடு, சில இடங்களில் 'ஓ'வுக்கு. வெவ்வேறு வீடுகளிலிருந்து தாள் வரும் அமைப்பில் இதை ஒரே விதியாக்காவிட்டால் தரவு மையத்தில் எல்லாம் கெட்டுவிடும்.

கோபோல் என்ற நிரல் மொழிக்கான தாளில் ஒவ்வொரு வரியிலும் 80 பத்திகள், அதாவது எழுத்துக் கட்டங்கள். 1 முதல் 6 வரை வரிசை எண், 7 தொடர்ச்சிக் குறி, 8 முதல் 72 வரை நிரல், 73 முதல் 80 வரை நிரலின் அடையாளம். வரிசை எண்ணை 10, 20, 30 என்று இடைவெளி விட்டுப் போட்டால் பிறகு நடுவில் வரி செருகலாம். அட்டைக்கட்டு கைதவறிச் சிதறினாலும் அந்த எண்ணை வைத்துத்தான் திரும்ப அடுக்க முடியும். நாடாவில் அந்த ஆபத்து இல்லை, ஆனால் நடுவில் ஒரு வரி செருக வெட்டி ஒட்ட வேண்டும், இல்லையென்றால் புது நாடா. ஓர் எழுத்தை நீக்குவது மட்டும் சுலபம்: அந்த வரிசையில் எல்லாத் துளையையும் குத்திவிட்டால் அது அழிக்கப்பட்டதாகக் கணக்கு.

பதில் 3

6 பவுண்டுக்கு வருகிறேன். இயந்திரம் வாங்க வேண்டாம், அலுவலக வாடகை வேண்டாம், அதனால் தொடங்க அது போதுமாக இருந்தது. உண்மையான மூலதனம் வேறு. ஷெர்லி 1951 முதல் லண்டனின் டாலிஸ் ஹில்லில் அஞ்சல்துறை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர், மாலை வகுப்பில் கணிதப் பட்டம் பெற்றவர். சேர்த்துக்கொண்ட பெண்களும் கல்யாணமோ குழந்தையோ காரணமாகக் கணினித் துறையை விட்டு வெளியேறிய தேர்ந்த நிபுணர்கள். மற்ற நிறுவனங்கள் தொலைத்த திறமையை அவர் கண்டெடுத்தார். இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான்.

விற்பதுதான் கடினம். மென்பொருள் அப்போது கணினியோடு இலவசமாக வந்தது. காசு கொடுத்து யாரும் வாங்கமாட்டார்கள் என்று சிரித்தார்கள். வங்கிக் கணக்குத் திறக்கவே கணவரின் அனுமதி கேட்ட காலம். வீட்டுச் சத்தம் வாடிக்கையாளர் காதில் விழாமலிருக்க, தொலைபேசியில் பேசும்போது தட்டச்சு ஓசையைப் பதிவுநாடாவில் ஓடவிட்டிருக்கிறார். ஒலியை விட வேகமாகப் பறந்த கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல் இந்த வீடுகளில் எழுதப்பட்டது.

யார் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார் என்று பார்க்க வழியில்லாத அமைப்பில், நேரத்தை அளந்து பயனில்லை. வேலையைத் தனியாகச் சோதிக்கக்கூடிய துண்டுகளாகப் பிரித்து, முடிந்ததா இல்லையா என்று பார்ப்பது ஒன்றே வழி. துண்டுகளுக்கு இடையே எந்தத் தகவல் எந்த வடிவில் போகிறது என்பதை முதலிலேயே எழுதி வைக்காவிட்டால், தனித்தனியே சரியாக ஓடுபவை சேர்க்கும்போது ஓடாது.

கேட்டவர்

மிக்க நன்றி. ஊழியர்கள் 70 பேர் பவுண்டில் மில்லியனர் ஆனார்களாமே, பங்கு எப்படிக் கைக்கு வந்தது?

பதில் 1

நிறுவனத்தின் கால் பங்கை ஷெர்லி ஊழியர்கள் கைக்கு மாற்றினார். அதன் செலவு அவருடையது மட்டும். பங்குச்சந்தையில் பட்டியலிடாத நிறுவனத்தின் பங்கை நினைத்தபோது விற்க முடியாது, மதிப்பும் காகிதத்தில்தான் இருக்கும். 1996-ல் லண்டன் பங்குச்சந்தைக்கு வந்த பிறகே அது பணமானது. அவர் 1993-லேயே ஓய்வு பெற்றுவிட்டார்.

இன்னொன்று, 1975-ல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்ததும் பெண்களுக்கே முன்னுரிமை என்ற கொள்கை சட்டவிரோதமானது; ஆண்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. பெயரும் எஃப் இன்டர்நேஷனல், எஃப்ஐ குரூப், 2001-ல் ஜான்சா என்று மாறியது. 2007-ல் ஸ்டீரியா என்ற பிரெஞ்சு நிறுவனம் அதை வாங்கியது. பழைய ஆவணங்களைத் தேடினால் எல்லாப் பெயர்களிலும் தேடுங்கள். சென்னையிலும் நொய்டாவிலும் ஜான்சாவில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்தது இந்த நிறுவனத்தில்தான்.